ஆடிக்கு முன் விட்ட வேலை

சோமனூரில் இரண்டு பழைய விசைத்தறிகளை வாங்கி ஓட்டுவதற்காக நான் மில் வேலையை விட்டேன். கோயமுத்தூரில் ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். மேலே இருப்பவன் கத்துவான், கீழே இருப்பவன் முறைப்பான். இனிமேல் ஒருத்தன் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இருந்த ஆசைதான்.

நாள் குறித்தது மாமனார். "ஆடி பொறந்துட்டா ஒண்ணும் ஆரம்பிக்க முடியாதுங்க மாப்பிள்ளை. ஆனிக்குள்ள தறிக்குப் பூசையப் போட்டுரோணும்" என்றார். பூசை போட்டால் தறி ஓட வேண்டும், தறி ஓடினால் நான் அங்கே இருக்க வேண்டும். ஆனிக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆவணி வரை இருந்திருந்தால் அந்த மில்லில் எனக்கு ஐந்து வருஷம் முடிந்திருக்கும். அது ஒரு விஷயம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த புண்ணியவான் எவனும் சொல்லவில்லை. ஐப்பசியில் பி.எஃப். பணம் வந்தது. வந்த சூட்டோடு தறி விற்றவருக்குப் பாக்கியை அடைத்தேன்.

அடுத்த வருஷம் நூல் வாங்க பாங்கில் கடன் கேட்டபோது வருமான வரிக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். ராஜ வீதிப் பக்கம் ஓர் ஆடிட்டரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, அஞ்சு வருசம் முடியாம பி.எஃப். பணத்த எடுத்துப்போட்டீங்களே. அதுக்கு வரி உண்டுங்க. கொஞ்சம் பொறுத்து வேலைய உட்டிருந்தா ஒத்தப் பைசா கட்ட வேண்டியதில்லைங்க."

"மில்லுல வரி புடிக்காமத்தானுங்களே பணத்தக் குடுத்தாங்க?"

"அவங்க புடிக்காட்டி நீங்க கட்டோணுமுங்க."

வட்டியும் சேர்த்து அவர் சொன்ன தொகைக்கு ஒரு தறியே வாங்கிவிடலாம். கையில் அவ்வளவு இல்லை. கணக்கில் காட்டாமல் விட்டுவிடு, எவன் வந்து பார்க்கப்போகிறான் என்றார்கள் சோமனூர்க்காரர்கள். வாயால் சொல்வதற்கு வரி இல்லையே. மாசக்கணக்கில் பயந்து செத்தேன். பேன்ட் போட்ட ஆள் பையோடு சந்துக்குள் நுழைந்தாலே எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை, வந்தவர் வரி ஆபீசர் என்று நினைத்துத் தறியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டேன். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டில் சோறு இறங்கவில்லை. என்னவென்று கேட்ட மனைவியிடம், "உங்கொப்பனைப் போய்க் கேளு" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கேட்டேவிட்டாள். மாமனார் மொபெட்டில் வந்து இறங்கினார். நிதானமாக மோரைக் குடித்தார்.

"நான் பூசைக்குத்தானுங்க நாள் சொன்னேன். வேலைய உட்டது நீங்க. ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு வந்து தறிய ஓட்டியிருக்கலாமுங்களே."

உண்மைதான். அதனால்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த யோசனையை ஆனியிலேயே சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். பெண் கொடுத்தவரிடம் குரலை உயர்த்திப் பேசும் வழக்கம் எங்களில் கிடையாது. ஒரு தறியை விற்றுத்தான் வரி கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"வெளியாளுக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? நானே எடுத்துக்கறேன். தறி இங்கயே கெடக்கட்டும். நீங்களே ஓட்டுங்க."

விலையையும் அவரே சொன்னார். வரியைக் கட்டினேன். அதற்குப் பிறகு பேன்ட் போட்டவர்களைப் பார்த்து நான் பயப்படவில்லை. சனிக்கிழமை ஆனால் மொபெட் சத்தம் கேட்கும். தன் தறியின் வருமானத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, என் தறி என்ன ஓடியது என்றும் விசாரித்துவிட்டுப் போவார்.

தை மாதத்தில் ஒரு நாள் ஒரு நூல் வியாபாரியை அழைத்துக்கொண்டு வந்தார். நான் பனியனோடு நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். தறி ரெண்டும் யாருடையது என்று வியாபாரி கேட்டார்.

"நம்முளுதுதானுங்க" என்றார் மாமனார். "மாப்பிள்ளை பாத்துக்கறாருங்க."

வியாபாரி கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார். மாமனாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் தறியை நிறுத்திவிட்டுப் போய்க் கொண்டுவந்தேன். வியாபாரி குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பித் தரும் வரை பக்கத்திலேயே நின்றேன்.