எனக்குத் தெரிந்த எல்லாக் காளைகளும்

கேன் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பும். விரலில் பட்டால் சுரீரென்று பிடிக்கும்... அவ்வளவு குளிர்.

அந்தக் கேனை மொபெட் பின்னால் பழைய சைக்கிள் ட்யூபால் கட்டிக்கொண்டு, அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை சுற்றியவன் நான். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. கேனுக்குள் ஜெர்சிக் காளையின் விந்து உறைந்து கிடக்கும். என் வண்டிச் சத்தம் கேட்டாலே, "ஊசிக்காரர் வந்துகினு கீறாரு, மாட்ட அவுத்து உட்ராத" என்று தெருவுக்குள் குரல் போகும். இருபத்து மூன்று வயசு. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்த மாட்டேன். அவ்வளவு திமிர்.

அப்போது ஏரிக்கரை ஓரம் ஒரு மந்தை நின்றால் அதில் கருப்பு இருக்கும், செவலை இருக்கும், சாம்பல், புள்ளி எல்லாம் இருக்கும். எல்லாமே குட்டை. ஒன்று கழுத்தளவு தண்ணீரில் நின்று கோரை மேயும். ஒன்று வெறும் வைக்கோலிலேயே கோடையைத் தாண்டிவிடும். கோமாரி வந்து பத்து மாடு படுத்தால், ரெண்டு மாடு எனக்கென்ன என்று நின்றுகொண்டிருக்கும். அது ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்களுக்கு எல்லாமே நாட்டு மாடு. ரெண்டு லிட்டருக்கு மேல் கறக்காத தண்டம்.

கள்ளிக்குப்பத்தில் மல்லிகாக்கா இருந்தார். நாலு பசு, ஒரு செவலைக் காளை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்தக் காளைதான். பசுவை ஓட்டி வருகிறவர்கள் ஒரு படி தவிடு கொண்டு வருவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் காளையை அயனம்பாக்கத்துக்கு ஓட்டிவிட்டு, அங்கே இருப்பதை இங்கே ஓட்டி வருவார்கள்.

"எதுக்குக்கா இந்த வீண் வேல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பின்ன? அப்பங்காரனுக்கே பொண்ண கட்டுவியா? மாட்டுக்கும் மொற கீது நைனா."

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆபீசில் போய்ச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். அட, முட்டாப் பயலே... எனக்கு அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டும் இதை.

ஊசி போடுகிற ஊரில் நாட்டுக் காளை நிற்கக்கூடாது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். கேனோடு சேர்த்து ஒரு பெரிய இரும்பு இடுக்கியும் என் கைக்கு வந்தது. காயடிக்கிற இடுக்கி. ரத்தம் வராது. நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மல்லிகாக்கா வாசலில் நின்று கேட்டார். "அது இன்னா நைனா தப்பு பண்ணுச்சு?"

"தப்பெல்லாம் இல்லக்கா. இது நின்னா பசுவெல்லாம் இதுகிட்டயே பூடும். ஜெர்சி கன்னு போட்டா பத்து லிட்டர் கறக்கும். வேணாமா?"

பத்து லிட்டர் என்றதும் அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். தெரிந்த கை பிடித்தால் துள்ளாது என்று அவரே அதன் முகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முடிந்த பிறகு அது கால் நடுங்க நின்றது. அவர் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். வெட்கம் கெட்டவன், வாங்கிக் குடித்தேன்.

அப்படியே ஊர் ஊராகப் போனேன். கள்ளிக்குப்பம், அயனம்பாக்கம், ஆவடிக்கு அந்தப் பக்கம், பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம்... ஒன்றை விடவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கினேன்.

இப்போது ரிட்டயராகி வீட்டில் இருக்கிறேன். ஏரியைச் சுற்றி அபார்ட்மென்ட். மாடே இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது. எல்லாம் ஜெர்சிக் கலப்பு, மான் நிறம், ஒரே அச்சு. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாமே படுத்துக்கொள்கிறது.

போன வாரம் ஒரு போன். மல்லிகாக்காவின் பெரிய மகன் தேவராஜ். வேப்பம்பட்டில் குடியிருக்கிறார்களாம். நான் ஊசியோடு வருகிற நாளில் அக்கா ஒரு பசுவை மட்டும் அங்கே தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிவிடுவாராம். அங்கே ஒரு நாட்டுக் காளைக் கன்றையும் என் கண்ணில் படாமல் வளர்த்தார்களாம். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அந்தப் பசுவின் வழியில் இன்றைக்கு ஒரே ஒரு பசு மிச்சம்.

"இங்க ஒரே ஒரு நாட்டுக் காளதான் கீது அண்ணாத்தே. இவளுக்கு அதான் அப்பன். இவ ஆத்தாளுக்கும் அதான் அப்பன். போன தபா அதுகிட்டயே உட்டோம். கன்னு கால ஊனவே இல்ல. மூணாம் நாள் செத்துப் போச்சு. இனிமே அதுகிட்ட உடவே கூடாதுன்ட்டாங்க அம்மா."

பின்னால் மாடு கத்துவது கேட்டது. பருவத்துக்கு வந்திருக்கிறது. ஒரு நாள் தாண்டினால் போச்சு.

"வேற ரத்தத்துல ஒரு காள எங்கனா கீதா அண்ணாத்தே? ஊசிக்காரருக்குத்தான் எல்லா ஊர்க் காளையும் தெரியும்னு அம்மா சொன்னாங்க."

தெரியும். எந்தத் தெரு, எந்த நிறம், எல்லாம் தெரியும். எல்லாவற்றுக்கும் இடுக்கி போட்டவன் நான்தானே! வெளியூர் ஜாதிக் காளை ஊசி வேண்டுமானால் கிடைக்கும், போட்டால் இந்த வழி அதோடு போச்சு. பேரே இல்லாத எங்கள் குட்டை மாட்டுக்கு எவன் விந்து எடுத்து வைத்திருக்கிறான்?

"இல்லப்பா," என்றேன்.

மறுநாள் காலையில் மனசு கேட்காமல் நானே போன் போட்டேன்.

"இப்ப கத்தல அண்ணாத்தே. அடங்கிடுச்சு," என்றான் தேவராஜ்.

இருபத்தோரு நாளில் அது மறுபடியும் கத்தும். மல்லிகாக்கா மறுபடியும் எனக்குத்தான் போன் போடச் சொல்வார்.