தனி ஜாரில் அரைத்த சட்னி

மூன்று வருடத்துக்கு முன்னால், சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில் மகனின் பிறந்தநாளுக்குக் கோழி பிரியாணி செய்த ஞாயிற்றுக்கிழமை அது. அன்றைக்கு என் சமையலில் எனக்கே அப்படியொரு பெருமை.

பக்கத்து வீட்டு அக்காவையும் அவர் கணவரையும் கூப்பிட்டிருந்தேன். அக்கா சுத்த சைவம். முந்தின வருடம்தான் கணவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். அதனால் வெளியில் எங்கேயும் வாய் நனைக்க மாட்டார். என் வீட்டில் மட்டும் சாப்பிடுவார்.

அவருக்காகத் தனிப் பாத்திரம், தனிக் கத்தி, புது மிக்சி ஜார் எல்லாம் எடுத்து வைத்தேன். கோழியில் கை வைப்பதற்கு முன்பே அவருடைய காய்கறி பிரியாணியையும் வதக்காமல் அரைத்த பச்சைப் புதினாச் சட்னியையும் முடித்துவிட்டேன். எங்களுக்கெல்லாம் தயிர்ப் பச்சடி, சட்னி அவருக்கு மட்டும்.

ஒன்றை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் தேக்கா சந்தையில் முதல் வேலையாகக் கோழி வாங்கி சக்கரம் வைத்த வண்டிப் பையில் போட்டேன். மேலேயே புதினாவையும் வைத்துக்கொண்டு, பூ, காபி, தெரிந்தவர்களோடு அரட்டை என்று இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். வீட்டில் வந்து பார்த்தால் கோழிப் பை ஓரத்தில் பிய்ந்து, புதினாக் கட்டின் அடியில் இளஞ்சிவப்பாய் ஈரம். கழுவினால் போச்சு என்று குழாயடியில் இரண்டு முறை அலசினேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு. கோழி தின்ற நாங்கள் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தோம்.

நான் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். இந்தக் கிருமி பெரும்பாலும் பச்சைக் கோழியிலிருந்து வருவது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து கோழியைத் தொட்டதே இல்லை என்றார் அக்கா. பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து என்னையே தேற்றினார்.

"நீங்க ஏன் பயப்படுறீங்க? உங்க வீட்டுச் சாப்பாடா இருக்காதுலா. எனக்குன்னு தனியால்ல செஞ்சீங்க."

அவர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெளியே நடையில் டாக்டரிடமும் அக்காவின் கணவரிடமும் புதினா விஷயத்தைச் சொல்லி அழுதேன். கணவர் என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா உயிர் பிழைத்தார். பொருத்திய சிறுநீரகம் பிழைக்கவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார்.

என் மேல் கோபம் இல்லை என்று அக்கா பலமுறை சொல்லிவிட்டார். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பாயசம் எங்களுக்கு வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து எதையும் கொடுக்க நான் துணிவதில்லை, அவரும் கேட்பதில்லை. லிஃப்டில் அவர் கணவரைப் பார்த்தால் சிரிக்கிறார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. ஒரு கட்டுப் புதினாவைக் குப்பையில் போட அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை, அந்த மனுஷர் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதனால் வீணாகிப் போனது.