ஆளுக்கொரு மாத்திரை

காலைச் சாப்பாடு முடிந்ததும் வெல்டர் தட்டை நகர்த்திவிட்டு உள்ளங்கையை நீட்டுவார். அவர் மனைவி அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிதுக்குவாள். ஒன்று அவர் கையில், ஒன்று தன் வாயில். இருபத்திரண்டு வருஷம் இது தவறியதே இல்லை. சண்டை போட்டு இருவரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நாட்களிலும் கை நீளும், மாத்திரை விழும்.

இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் வெளுத்துக் கிடந்தவளுக்கு எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அது. விழுங்கினால் குமட்டும். நாலாம் நாள் அட்டையைத் தலையணைக்கடியில் ஒளித்தாள். அவர் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. குமட்டினா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே குமட்டட்டும்" என்று தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு மாதாமாதம் போகிற ரத்தம் அதிகம். அதனால் மாத்திரை நிற்கவில்லை. அவருக்கும் நிற்கவில்லை.

அவள் புத்தகம் தைக்கும் கூடத்தில் தாள் மடிப்பவள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி. வேற்று மனிதர் முன்னால் குரல் எழும்பாது. டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பட்டறையில் எல்லோருக்கும் ரத்தம் சோதித்தபோது வெல்டருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவோ இருக்கவேண்டியதைப் போல் மூன்று மடங்கு. அவருடைய அண்ணன் நாற்பத்தொன்பது வயதில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். இவருக்கு அப்போது நாற்பத்தெட்டு. டாக்டரிடம் போக அவளும் கூடவே கிளம்பினாள்.

"இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மாத்திரையா? கையாலகூடத் தொடமாட்டேன். இரும்பை ஒட்டவைக்கிறதுதான் நம்ம வேலை, திங்கிறதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, பெண்டாட்டிக்குத் துணை. சொன்னால் அந்தத் துணை போய்விடும். சொல்லாவிட்டால்?

"அப்போ பரம்பரை நோயான்னு பார்த்துடலாம்" என்று டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

"சாப்பிடறார்" என்றாள். டாக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "சாப்பிடறாரும்மா. தினம் ஒண்ணு. எனக்குக் குடுத்த மாத்திரை. இருபத்திரண்டு வருஷமா."

வெல்டர் திரும்பிப் பார்த்தார். "அடிப்பாவி! ஆயுசுல இன்னிக்குத்தான் வாய் திறக்கிறே, அதுவும் என்னைக் காட்டிக் குடுக்கவா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மாவுக்கு மாசாமாசம் இரும்பு வெளியே போகுது. உங்களுக்குப் போக வழியில்ல, உள்ளேயே தங்கிடுது" என்றார். "திறந்து வெச்ச எண்ணெய் நாளாக ஆகக் காறிப்போகுமில்லையா? ரத்தத்துல இருக்கிற கொழுப்பும் அப்படிக் கெட்டுப்போகும். அதுதான் ரத்தக் குழாய்ச் சுவர்ல போய் உட்கார்ந்து அடைக்கிறது. இரும்பு கூடினா அது இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும்னு சிலர் சொல்றாங்க. எல்லா டாக்டரும் அதை ஒத்துக்கல, இன்னும் தீர்ப்பாகல. ஆனா தேவையில்லாத மாத்திரையை எதுக்குப் போடணும்?"

வெளியே வந்ததும் அவர் முன்னால் நடந்தார். பாதித் தெரு தாண்டியபின் அவள்தான் கேட்டாள்.

"கோவமாங்க?"

"கோவமென்ன கோவம்? இவ்வளவு நாள் எனக்கு அது குமட்டினதே இல்ல. உன்கிட்ட சும்மா மூஞ்சியைச் சுளிச்சேன்."

அவள் நடு ரோட்டில் நின்று சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இரும்பு மாத்திரை இப்போது அவளுக்கு மட்டும். பரம்பரை நோய்க்கான சோதனையிலும் மற்றவற்றிலும் கோளாறு ஒன்றும் இல்லை. சேர்ந்த இரும்பைக் குறைப்பதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். இரும்பின் அளவு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை ஓடுகிறது. டாக்டரம்மா விடச் சொன்ன பீடியை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. இதயத்தில் இதுவரை அடைப்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இனி வராது என்று யாரும் சொல்லவில்லை.