கண்ணாடி உட்கார வேண்டிய விளிம்பு

அண்ணாச்சி, என் காரைக் கெடுத்தது நீர்தான். கதவை அறைந்து சாத்திய என் மச்சினன் அல்ல. மழையும் அல்ல. நீர்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இவர் எங்கள் சர்ச் சபைக்காரர். நாகர்கோவிலுக்கு வெளியே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் ஒரு பழைய பியட் காரைக் கல்யாணங்களுக்கு ஓட்டிப் பிழைத்தவன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

சுனாமி வந்துபோய் ஆறேழு வருடம் கழிந்திருக்கும். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் செத்துப்போயிருந்தது. ஆரல்வாய்மொழியில் எதிர்காற்றோடு மழை அடித்தால் தண்ணீர் உள்ளே வரும். ஒரு கல்யாணத்தில் முன்சீட்டிலிருந்த மாப்பிள்ளையின் அப்பா நனைந்த வேட்டியோடு இறங்கினார். கூட்டம் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும். அதன்பிறகு துபாயிலிருந்து வந்த ஒரு பையன் போனில் படம் காட்டினான். பழைய கார்தான், ஆனால் ரப்பரே இல்லை. கண்ணாடியும் தகடும் ஒரே மட்டம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது.

வண்டியை உம்மிடம் கொண்டுவந்தேன். நீர் மூன்று வழி சொன்னீர். புது ரப்பர் போட்டுப் பழைய கண்ணாடியையே வைப்பது ஒன்று. இருக்கிற தகட்டு விளிம்பின்மேல் பெரிய கண்ணாடியை ஒட்டுவது இன்னொன்று. அது வெளியே தூக்கி நிற்கும் என்றீர். மூன்றாவது, கண்ணாடியின் கனத்துக்கு விளிம்பை உள்ளே தாழ்த்தி, புதுத் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்து, அதற்குள் கண்ணாடியை இறக்குவது.

"அதுக்கு நாள் ஆவும் வே."

"ஆவட்டும் அண்ணாச்சி. மூணாவதையே செய்யும்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி புதிதானாலும், புதுக்கியதானாலும், ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் போதகர் ஜெபித்த பிறகுதான் தொழிலுக்கு எடுப்போம். அளவு சொல்லிச் செய்த புதுக் கண்ணாடி வந்து சேரும் முன்பே நான் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அது என் பிழை. மறைக்கவில்லை. நீர் சனிக்கிழமை மத்தியானம்தான் கண்ணாடியை ஒட்டினீர்.

"பசை காயாண்டாமா?" என்று கேட்டேன்.

"பாறை மாதிரி இருக்கும். தைரியமா கொண்டு போவும்."

ஞாயிறு காலை தூறல். கதவுக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றி மூடியிருந்தோம். போதகர் பானட்டில் கைவைத்து ஜெபித்தார். சொந்தக்காரர்கள் உள்ளே ஏறி இருந்து பார்த்தார்கள். மச்சினன் கடைசியாக ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். உள்ளே அடைபட்ட காற்று தள்ள, முன்கண்ணாடியின் மேல்பக்கம் எழுந்தது. அப்படியே பானட்டில் வழுக்கித் தரையில் விழுந்து விரிசல் ஓடியது.

"ஆமென் சொல்லதுக்குள்ள கண்ணாடி எறங்கிப் போயிற்றே மக்கா!" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கண்ணாடியோடு சேர்ந்து, பள்ளம் பூசுகிற பட்டிக் கலவையும் தகரத்துண்டுகளும் பெயர்ந்து வந்திருந்தன. வெல்டிங் ஓரிடத்திலும் இல்லை. தாழ்த்த வேண்டிய விளிம்பைக் கிரைண்டர் வைத்துச் சுற்றோடு அறுத்து எறிந்துவிட்டு, தகரத்தைப் பட்டியில் பதித்து அதன்மேல் பசை போட்டிருந்தீர். துருவின்மேலேயே போட்டிருந்தீர்.

அத்தனை பேர் முன்னால் நீர் சொன்னது: "கதவை இப்பிடி அடிச்சா எந்தக் கண்ணாடிதான் நிக்கும்?"

பிறகு நாலு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். "ஒட்டதுக்கு வெளிம்பு வேணும்லா வே? மேல்தகட்டத் தாங்குற தூணும் அரிச்சுப் போச்சு. இனி இதுல கை வச்சா மேல்தகடு எறங்கிரும்" என்றார்கள். பழைய கண்ணாடி முழுசாகத்தான் வீட்டில் சாய்ந்திருக்கிறது. அது உட்கார இடமில்லை. தார்ப்பாய் போட்டு மூடினேன். இரண்டு மழைக்காலத்தில் காரின் தரையும் போயிற்று. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். "அந்த வண்டிய நோக்கிட்டு நிக்காதீங்க, சோறு திங்க வாங்க" என்று மனைவி தினமும் கூப்பிடுகிறாள். போய்த் தின்கிறேன். வேறு என்ன செய்ய.

என் பிழையை எழுதிவிட்டேன். உம்முடையதை நீர் சொல்லும். வீட்டுக்கு வந்து என் காதில் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே வளாகத்தில், சிரித்த அத்தனை பேரும் கேட்க, பதில் சொல்லும்: விளிம்பை அறுக்க உம்மிடம் யார் சொன்னது?