சிவப்புப் பட்டனுக்கு முன்னால் ஒரு படம்

அந்த ஆபீசில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உலகத்தையே காப்பாற்றப் புறப்பட்ட கம்பெனி. அங்கே யாரும் வேலை பார்ப்பதில்லை, சேவை செய்கிறார்களாம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கென்று ஒரு செயலி. விழுந்துவிட்டால் போனில் சிவப்புப் பட்டனைத் தொட வேண்டும். அக்கா பேசி ஆம்புலன்ஸ் அனுப்புவாள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? தனியே இருக்கும் தன் அப்பாவின் போனிலும் அவளே அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

புதுப் பதிப்பில் வந்தது வினை. திறந்ததும் முதலாளி நெஞ்சில் கைவைத்துத் தம் லட்சியத்தைப் பேசும் படம் ஓடியது. அது முடிந்தால்தான் பட்டன் வரும். தாண்டிப் போக வழியே இல்லை.

திங்கள்தோறும் எல்லோரும் வட்டமாக நின்று மனதில் பட்டதைச் சொல்வார்கள். யார் என்ன சொன்னாலும் மற்றவர்கள் கைதட்ட வேண்டும். படத்தை எடுங்கள் என்று அக்கா வாராவாரம் கரடியாய்க் கத்தினாள். வாராவாரம் கைதட்டினார்கள். இந்தத் துணிச்சல்தான் நம் சொத்து என்று முதலாளி ஒருநாள் கண்கலங்கவும் செய்தார். படம் இருந்த இடத்தில் இருந்தது. எரிச்சல் தாங்காமல் மேனேஜரிடமே போய்க் கேட்டாள்.

"படம் இல்லேன்னா, நாம எதுக்கு இருக்கோம்னே தெரியாம பட்டனை அழுத்திட்டுப் போயிடுவாங்கக்கா" என்றான் அந்தப் புண்ணியவான்.

ஒருநாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கிடந்தபடியே செயலியைத் திறந்தார். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் படம் பாதியில் நின்று, மறுபடி மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஒருவழியாகப் பட்டன் வந்து, அதைத் தொட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் மனிதர் மயங்கியே போனார்.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார், பூங்கொத்தோடும் கேமராக்காரனோடும்.

"நீங்கதானா தம்பி? நல்லா பேசுறீங்க. தரையில கிடந்து திரும்பத் திரும்பக் கேட்டேன்" என்றார் அப்பா. குத்தலே இல்லை; நிஜமாகவே பாராட்டினார்.

முதலாளிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அப்படியே கேமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று குழைந்தார். பாவம், அப்பாவும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். வலியில் முகம் கோணியது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வெளிய போங்க."

போனார்கள். வேலையும் அன்றைக்கே போயிற்று. அப்பாவுக்கோ அவள் மேல்தான் கோபம்.

"சோறு போடுற மனுஷன்கிட்ட இப்படியாம்மா பேசுவே?"