இரண்டாவது சாவி

என் வேலைக்கு ஆபீஸ் கிடையாது, ஒரு சாவிதான் உண்டு. பென்டிரைவ் மாதிரி லேப்டாப்பில் செருகுவது. வெளியூர் மருத்துவமனை ஒன்றின் சர்வரில் இருக்கும் கோப்புகளைத் திருத்தணியில் என் மாடி அறையில் உட்கார்ந்து திருத்துகிறேன். உள்ளே போகக் கேட்டால் சாவியில் பச்சை விளக்கு மினுக்கும். நடுவிலுள்ள வட்டத்தைத் தொட வேண்டும். யார் விரல் என்று அது பார்க்காது. ரகசிய எண்ணைப் போட்ட பிறகு எதிரில் ஓர் ஆள் இருந்தால் போதும். அம்மா போன பிறகு, நான் இருக்கிறேனா என்று தினமும் கேட்பது அது ஒன்றுதான்.

சாவிகள் இரண்டு தந்திருந்தார்கள். ஒன்று கெட்டால் உதவுவதற்கு இன்னொன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, கொடுக்க ஆள் வேண்டுமே. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஆயுத பூஜையன்று கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா மாடியேறி வந்தார். பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவர்.

"தறிக்கே பொட்டு வெக்கறோம். உன் பொழப்புக்கு வெக்காம உடலாமா? எடுத்துகினு வா தம்பி."

லேப்டாப்பைக் கொடுக்க மனம் வரவில்லை. சாவிகளைக் கொடுத்தேன். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் அது வருத்தப்படுமே என்று இரண்டையும் கொடுத்தேன். தனியாக இருப்பவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் வைத்து, சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். எனக்குப் பொரி கிடைத்தது.

சாயங்காலம் மேலதிகாரி போன் செய்தார். ஒரு டாக்டர் திடீர் லீவு. இப்போதே பதிவுப் பக்கத்தை மாற்றாவிட்டால் நாளை நோயாளிகள் வந்து ஏமாந்து திரும்புவார்கள். கீழே ஓடினேன்.

"மறுபூஜ பண்ணாம எடுக்கக் கூடாதேப்பா" என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் அவசரமாகக் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சாவியின் முனையில் சந்தனம் புகுந்து காய்ந்திருந்தது, விளக்கே எரியவில்லை. இன்னொன்று மினுக்கியது, ஆனால் எத்தனை முறை தொட்டும் ஏற்கவில்லை. மேலதிகாரியிடம் சொன்னேன்.

"ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கு? போய் வாங்கிக்குங்க."

"ரெண்டும் என்கிட்டதான் சார்."

"ஏன், குடுத்து வைக்க யாருமில்லையா?"

அவர் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த அக்கா, மினுக்கிய சாவியைப் பிடுங்கி, வட்டத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈர முந்தானையால் அழுத்தித் துடைத்தார். திரும்பச் செருகி எண்ணைப் போட்டேன். விளக்கு மினுக்கியது.

"இங்கியா அமுக்கணும்?" என்று என்னை முந்திக்கொண்டு தொட்டார். கோப்பு திறந்தது. டாக்டரின் பெயருக்கு எதிரே லீவு என்று போட்டுச் சேமித்தேன்.

மறுநாள் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததில் மற்ற சாவிக்கும் உயிர் வந்தது. அதை அக்காவிடமே கொடுத்தேன். சாமி மாடத்தில் வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார்.

"உனக்கு ஒண்ணுன்னா இத யாராண்ட குடுக்கணும் தம்பி?"

போனில் இருந்த பெயர்களையெல்லாம் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். கடைசியில் மேலதிகாரியின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.