சுழி பார்த்து வாங்கிய கார்

கார் வாங்கப் போன இடத்தில் அதை மாடு மாதிரி சுற்றிச் சுற்றிச் சோதித்த மனிதர், எனக்குத் தெரிந்து, என் அப்பா ஒருவர்தான். காருக்குப் பல் இருந்திருந்தால் அதையும் பிடித்துப் பார்த்திருப்பார்.

தருமபுரி தனி ஜில்லா ஆன புதிது. காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி, ஓடையைத் தாண்டி இருந்த சின்ன ஊரில் மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்த வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. சேலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் தொழில் கற்ற சித்தப்பா ஊர் திரும்பியிருந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, பிரித்து, சீராக்கி, வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பட்டறையில் எத்தனையோ வண்டிகளில் கை வைத்திருக்கிறாரே ஒழிய, செத்துக் கிடக்கும் ஒன்றை முழுதாகத் தன் கையால் எழுப்பி நிறுத்தியதில்லை. இதுதான் முதல்.

சும்மா கேட்டிருந்தால் அப்பா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்கு அடுத்துப் பிறக்க வேண்டிய தம்பி, இரண்டு வருஷத்துக்கு முன்னால், தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மாட்டு வண்டியில் பிறந்து, வண்டியிலேயே போய்விட்டான். வாடகைக் கார்க்காரர்கள் எங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வண்டி குலுங்கவே கூடாது, மாசி பிறந்ததும் கூட்டி வந்து சேர்த்துவிட வேண்டும். மாசிக்குள் கார் ஓட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் அப்பா இறங்கி வந்தார். கொடுக்க அவரிடம் இருந்ததெல்லாம் ஜோடி மாடும் வண்டியும்தான். கார் ஓடாமல் போனால், அம்மாவைக் கூட்டிப்போக அந்த மாட்டு வண்டியும் இருக்காது.

தருமபுரியில் அரிசி மில் வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் மாடுகளின் மேல் வெகு நாளாக ஒரு கண். அவருடைய மில்லின் பின்கொட்டகையில் பழைய கார்கள் இரண்டு கிடந்தன. மாட்டையும் வண்டியையும் கொடுத்துவிட்டு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். புரட்டாசியில் ஒருநாள், அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, எல்லாருமாக அங்கே போனோம்.

ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. நீலக் கார் பளபளவென்று இருந்தது. ஹேண்டிலைப் போட்டு இரண்டு சுற்று சுற்றியதும் புறப்பட்டுவிட்டது. அதன் பக்கவாட்டில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் வேறு. அதை அமுக்கியதும் மில்லே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் எனக்குக் கறுப்புக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதன் ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இஞ்சினும் இறுகிப்போய் அசைய மறுத்தது.

அப்பா தன் முறைப்படி வேலையை ஆரம்பித்தார். இரண்டு காரையும் மும்மூன்று முறை சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். சக்கரத்தைக் காலால் எத்திப் பார்த்தார். பிறகு, மாட்டின் மேல் மயிர்ச்சுழி பார்ப்பதுபோல், சுழி தேடினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைத் தவறவிடாத மனிதர். ஆனால் மாட்டுச் சுழி விஷயத்தில் மட்டும் சாமியார் சொன்னாலும் கேட்கமாட்டார். கறுப்புக் காரின் பின்புறத்தில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் துரு வட்டமாகப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. பாடைச்சுழி! அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்கினால் வீட்டில் பாடை கட்ட வேண்டி வரும் என்பார்கள். அதற்கு மேல் அவர் கறுப்புக் கார் பக்கம் போகவில்லை. நேராக மில்காரரிடம் போய், அவர் கையின் மேல் தன் துண்டைப் போட்டு மூடி, மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோல் அடியில் விரலைப் பிடித்தார்.

மில்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, காருக்குமா துண்டு போடுவீங்க?"

நீலக் கார்தான் என்று முடிவான மாதிரிதான் இருந்தது. நான் ஹாரனை விட்டு நகரவில்லை. சித்தப்பா மட்டும் இரண்டு கார்களின் பின்பக்கத்தையும் கையால் மாறி மாறி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் மரக்கட்டை மாதிரி நின்றது. கறுப்பு மெல்ல அமிழ்ந்து மெல்ல எழுந்தது. அப்போதுதான் அம்மாவைக் காணோம் என்று தேடினோம். வெயிலுக்கு ஒதுங்கிக் கறுப்புக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்து, காலை நீட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி போனதிலிருந்து அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. இரவிலும் சரியாகத் தூங்குவதில்லை என்று அப்பா சொல்வார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கறுப்புக் காரைக் காட்டி, இதுவே இருக்கட்டும் என்றார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். ஓடுகிற காரை விட்டுவிட்டு ஓடாத காரை எடுக்கிற கோமாளி உலகத்தில் உண்டா, பட்டறையில் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்களா, அதுவும் பாடைச்சுழியோடு, என்று அம்மா எழுந்துவிடாதபடி அடிக்குரலில் பொரிந்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இஞ்சினை நான் செஞ்சுக்குவேண்ணா. அண்ணி தூங்கறத என்னால செய்ய முடியுங்களா?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மில்காரரிடம் போய்க் கறுப்புக் காரைக் கைகாட்டினார்.

வண்டி மில்லிலேயே நின்றுவிட, வடம் கட்டிய கறுப்புக் காரை எங்கள் மாடுகளே இழுத்துக்கொண்டு வந்தன. சித்தப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, அப்பா மாட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தார். வழியெல்லாம் ஜனங்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ஹாரன் போன துக்கத்தில் நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா பின்சீட்டில் மறுபடியும் தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் மில்லின் ஆள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அப்புறம் எங்கள் மாட்டுக்கொட்டகை பட்டறை ஆயிற்று. சித்தப்பா இஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். பிரித்த சாமான்களைச் சாக்கின் மேல் பரப்பினார். எதற்கோ சேலம் போவார், வாங்கி வந்தது பொருந்தாமல் மறுபடி போவார். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. அப்பா கொள்ளு விதைக்க இரவல் மாட்டுக்கு வாசல் வாசலாக நின்றார். உழுகிற மாட்டை விற்று உழாத மாட்டை வாங்கினவன் என்று ஊரில் அவருக்குப் பெயர் வந்தது. தை பிறந்தும் இஞ்சின் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். வீட்டில் எல்லாரும் அம்மாவின் வயிற்றையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தோம். அம்மா ஒருத்திதான் பதறவில்லை. ஒருநாள் களியும் கீரையும் எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தாள்.

"தின்னுட்டுச் செய்யிங்க. உங்க வண்டி கெளம்பாம நான் எங்கயும் போவமாட்டேன்."

சித்தப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். தை கடைசியில் ஒரு மத்தியானம் ஹேண்டிலைச் சுற்றியபோது இஞ்சின் இரண்டு தரம் இருமியது. கொட்டகை முழுக்கப் புகை. பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. அப்பா ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், காரின் முதுகை மாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொடுத்தார்.

மாசி பிறந்ததும் அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துப் புறப்பட்டோம். அம்மாவின் தலை அப்பா மடியில். நான் சித்தப்பா பக்கத்தில், ராணி மாதிரி. ஆனால் என்ன அவமானம்! கார் ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, யோசித்து, இறங்கி ஏறியது. ஓடையில் சித்தப்பா இறங்கிக் கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வந்தார். பால்காரரின் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. என் வகுப்புப் பையன் ஒருத்தன் கூடவே நடந்து வந்து என்னிடம் பேசிவிட்டுப் போனான். வேகமாப் போங்க சித்தப்பா என்று நான் கெஞ்சியது அவர் காதில் ஏறவே இல்லை. அவருடைய சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை என்றார். அப்பா அங்கேயே தங்கிக்கொண்டார். சித்தப்பாவும் நானும் மட்டும் திரும்பினோம். திரும்பும்போது பார்க்க வேண்டுமே! கறுப்புக் கார் பறந்தது. புளியமரங்கள் பின்னால் ஓடின. பள்ளத்தில் தூக்கிப்போட்டு என் தலை கூரையில் இடித்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கூடவே கோபமும் வந்தது. ஓட்டத் தெரிந்தவர், போகும்போது ஏன் இப்படி ஓட்டவில்லை என்று கேட்டேன்.

"அப்ப வண்டியில ஆளு இருந்தாங்க கண்ணு" என்றார் சித்தப்பா.

அப்படியானால் நான் ஆளில்லையா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறங்கும்போது வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்தினேன். மற்ற நாளென்றால் அதற்குக் காதைத் திருகியிருப்பார். அன்றோ, இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, வெகு நேரம் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தப்பாகப் பேசிவிட்ட வெட்கம் அவருக்கு, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். தங்கச்சி பிறந்து இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சேதி வந்த அன்றைக்குத்தான், போனால் போகிறதென்று அவரை மன்னித்தேன்.